எட்டாத இடைவெளி

கருப்பு அங்கி அணிந்த ஓர் உருவம் சாலையில் நடந்து போகிறது. அதற்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. பின்னாலேயே ஒரு பெண் ஓடுகிறாள். நடக்கும் உருவத்துக்கு அவசரமே இல்லை. இவளோ மூச்சிரைக்க ஓடுகிறாள், ஆனாலும் இடைவெளி குறையவில்லை.

மாயா டெரனும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹமீதும் 1943-ல் லாஸ் ஏஞ்சலிஸில் எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்தின் காட்சி இது. மொத்தம் 14 நிமிடம்தான். சாவி, கத்தி, பூ என்று குறியீடுகளுக்குப் பொருள் தேடுபவர்கள் தேடட்டும். நான் பார்ப்பது நாயகியாக நடித்த டெரனின் கால்களை. கேதரின் டன்ஹாமின் நடனக் குழுவில் உதவியாளராக இருந்தவர் அவர். உடல் எதைச் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாடிப்படியைக் கவனியுங்கள். முதல் முறை சாதாரணமாக ஏறுகிறார்; அப்போது முகத்தைக்கூட நமக்குக் காட்டுவதில்லை, பாதமும் கையும் நிழலும் மட்டுமே. அடுத்த முறை, மெதுவாக்கிய ஓட்டத்தில், பாதம் படியில் பட்டும் படாமலும் மிதக்கிறார். பிறகு படிக்கட்டே கப்பல்போல் ஆட, இரண்டு பக்கச் சுவரிலும் மோதி மோதி ஏறுகிறார். அதே படி, அதே உடல். ஆனால் ஒவ்வொரு தடவையும் மேலே போய்ச் சேர ஆகும் நேரம் வேறு. பயந்தவருக்குக் கடிகாரம் எப்படி ஓடும் என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்.

உச்சம், தூங்குகிற தன்னையே நோக்கிக் கையில் கத்தியுடன் அவர் வரும் நடை. ஓர் அடி கடற்கரை மணலில், ஓர் அடி புல்லில், அப்புறம் நடைபாதையில், கடைசியில் வீட்டு விரிப்பில். இடம் மாறுகிறது, நடையின் தாளம் மாறவில்லை. அந்த நிதானம்தான் நடுங்க வைக்கிறது. ஹமீது நடிக்க வந்த பிறகு இந்த இறுக்கம் சற்றுத் தளர்கிறது என்பது என் கணிப்பு.

டெய்ஜி இட்டோவின் இசை 1959-ல்தான் சேர்க்கப்பட்டது. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். காலடியின் கணக்கு தெளிவாகப் பிடிபடும்.

உடலசைவை ரசிப்பவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது, 1948-ல் டெரன் எடுத்த ‘மெடிடேஷன் ஆன் வயலன்ஸ்’. சாவ்-லி சி என்ற கலைஞர் சீனத் தற்காப்புக் கலையின் அசைவுகளைச் செய்துகாட்டுகிறார். பாதிக்குப் பிறகு படம் பின்னோக்கி ஓடுகிறது. அவருடைய சமநிலை அவ்வளவு கச்சிதம் என்பதால், திரும்பிய இடத்தைக் கண்டுபிடிப்பதே கடினம்.