கடைசி ரயிலில் வரும் கிறிஸ்துமஸ்

"சுரங்கம் மூடின ஊரில நத்தார் எண்டு என்ன பெரிசா இருக்கப்போகுது? கடைசி நேரத்தில ஒரு சாமான் தேவைப்பட்டா பெங்களூருக்கெல்லோ ஓடவேணும்?"

கொழும்பு வெள்ளவத்தையில் என் சம்பந்தி இதைச் சொன்னபோது அவர் மனதில் துளியும் கெடுதல் இல்லை. சாப்பாட்டு மேசையில் என் தட்டில் இரண்டாவது துண்டு கேக்கை வைத்துக்கொண்டேதான் சொன்னார். 2023 டிசம்பர் 23ஆம் தேதி இரவு. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எனக்கு முதல் கிறிஸ்துமஸ். நான் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம் லைன் வீட்டில் பிறந்தவன் நான். 61 கிறிஸ்துமசை அந்த ஊரிலேயே கழித்திருக்கிறேன். அன்று வாயில் வராத பதில் இது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நத்தார். பண்டிகைக்கு அங்கே இதுதான் பெயர். நத்தார் வாழ்த்து, நத்தார் தாத்தா, நத்தார் கரோல். போர்த்துக்கீசியரின் 'நத்தால்' என்ற சொல் தமிழன் நாவில் உருண்டு நத்தார் ஆகியிருக்கிறது. 1505இல் கொழும்புக் கரையில் ஒதுங்கிய கப்பல்கள் விட்டுப்போன சொற்கள் அந்த வீடு முழுக்க இருந்தன. ரொட்டி அங்கே பாண், சமையலறை குசினி. எங்கள் ஊர்ச் சொற்களுக்கு வயது குறைவு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தங்கத்தை மறுபடி தோண்டத் தொடங்கியபோது வந்த இங்கிலீஷ் அது. ஷாப்ட், ஷிப்ட், லைன், கேரல்ஸ், கிரிப். மாட்டுக்கொட்டில் சோடனையை அவர்கள் பாலன் குடில் என்று அழகாகச் சொல்கிறார்கள். நாங்கள் கிரிப் என்கிறோம். இந்த ஒன்றில் அவர்கள் சொல்தான் மேல், ஒத்துக்கொள்கிறேன்.

பலகாரத்தில் இன்னும் ஆச்சரியம் இருந்தது. சம்பந்தியம்மா கொக்கிஸ் என்று ஒரு டப்பாவைத் திறந்தார். பார்த்தால் எங்கள் அச்சு முறுக்கு! அதே பூ வடிவம், அதே இரும்பு அச்சை எண்ணெயில் முக்கி எடுக்கும் பக்குவம். எங்கள் ஊர் ஆங்கிலோ இந்திய வீடுகளில் இதை ரோஸ் குக்கீஸ் என்பார்கள். அங்கே டச்சுக்காரர் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுடையதில் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து கொஞ்சம் இனிப்பாக இருக்கும். கொக்கிஸில் தேங்காய்ப் பாலும் உப்பும் தூக்கல். கடித்தால் நொறுங்குவது இரண்டிலும் ஒன்றுதான்.

அவர்கள் கேக்கையும் குறை சொல்ல முடியாது. அதில் மைதா இல்லை, ரவை. கஜு என்று அவர்கள் சொல்லும் முந்திரி, தேன், பன்னீர், 'புகுல் தோசி' என்று சிங்களப் பெயரிலேயே வழங்கும் பூசணிக்காய்ப் பாகு எல்லாம் சேர்த்து, சில வாரங்களுக்கு முன்பே செய்து ஊறவிடுகிறார்கள். பிறகு சிறு துண்டுகளாக வெட்டிக் கடதாசியில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைக்கிறார்கள். 23ஆம் தேதி அந்த வீட்டில் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கி இல்லை. அதனால்தான் 24ஆம் தேதி அவர்கள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். அதைத்தான் சம்பந்தி "கடைசி நாள் சந்தோசம்" என்றார்.

சுற்றினோம். புறக்கோட்டையில் நடைபாதைக் கடைகளில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பேரப்பிள்ளைக்குச் சட்டை, பேட்டரி விளக்குத் தோரணம், எனக்கு ஒரு சாரம் (நம் கைலிதான்). வெயில் தாழ்ந்ததும் காலி முகத்திடலில் கடற்காற்றில் இஸ்ஸோ வடை. முழு இறாலை மேலே பதித்துச் சுட்ட வடை அது, ருசியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோட்டைப் பக்கம் பழைய கட்டடங்களில் விளக்குச் சோடனை. சர்ச்சைச் சேராத பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் டிசம்பர் முழுக்க ஒளிவிழா என்று நடத்துகிறார்கள், இந்துப் பிள்ளைகளும் மேடையேறிப் பாடுகிறார்கள் என்றார் சம்பந்தி. ஒளிவிழா என்ற பெயரை நான் ஊருக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விளக்குகளைக் காட்டி, "இப்பிடி உங்கட ஊரில இருக்கோ?" என்று கேட்டார். எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது 1902இல். காவிரி விழும் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரு வீதியில் மின்விளக்கு எரிந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905இல். இதை அங்கேயே சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று மகள் பிறகு சொன்னாள். அந்த மின்சாரம் முதலில் போனது இயந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும். தட்டி வீட்டிலும் லைனிலும் இருந்தவர்களுக்கு அது வர ரொம்பக் காலம் ஆனது. அதைச் சம்பந்தியிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் நட்சத்திரத்தின் கதை அதில்தான் இருக்கிறது.

எங்கள் லைனில் நட்சத்திரம் கடையில் வாங்கும் பொருள் அல்ல. மூங்கில் தப்பையைச் சீவி, சணலால் கட்டி, கலர் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டுவோம். பசை காயும் முன் விரல் பட்டால் பேப்பர் கிழிந்துவிடும். அதனால் ஒட்டுகிற வேலை எப்போதும் அக்காவுக்கு, பிடிக்கிற வேலை எனக்கு. உள்ளே அகல் விளக்கு வைத்த காலம் அப்பாவுடையது, நாற்பது வாட் பல்பு போட்ட காலம் என்னுடையது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர், கூரைக்கு நடுவில் இடைவெளி இல்லை. ஒரு வீட்டு நட்சத்திரம் பக்கத்து வீட்டு வாசலுக்கும் வெளிச்சம் தரும். கிரிப்புக்கு மலை கட்டச் சயனைடு மேட்டு மண்ணைத் தொடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சாம்பல் நிறக் கழிவு அது. நாங்கள் சுரங்கத்துக் கல் குவியலில் மினுமினுக்கிற வெள்ளைக் கல்லைப் பொறுக்கி வருவோம். பாலன் இயேசு படுத்திருந்த மலைக்கு எங்கள் அப்பாக்கள் பூமிக்கடியில் உடைத்த கல்லே அடிவாரம்.

கேக் வேலை 24ஆம் தேதி மத்தியானம். வீட்டில் ஓவன் கிடையாது. மாவைக் கலக்கி டின்னில் ஊற்றித் துணி போட்டு மூடி, ராபர்ட்சன்பேட்டை பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு டின்னுக்கு இவ்வளவு என்று கூலி. எல்லார் டின்னும் ஒன்றுபோல இருக்கும் என்பதால் பேர் எழுதிய சீட்டைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். விறகு அடுப்பின் சூட்டில் சீட்டு கருகிப்போய், ஒரு வருடம் எங்கள் கேக் யார் வீட்டுக்கோ போய், யாருடையதோ எங்களுக்கு வந்தது. முட்டை அதிகம் போட்ட கேக். அம்மா வாசனையைப் பிடித்தே சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த வீட்டுக்காரம்மா, "இருக்கட்டும், பண்டிகைதானே" என்று ஆளுக்குப் பாதி வெட்டிக் கொடுத்தார். கொழும்பில் சுற்றிய கடதாசியைப் பிரித்து எடுத்த துண்டு ருசியில் எத்தனை உயர்ந்ததாகவும் இருக்கட்டும், அந்தப் பாதிக் கேக்குக்குப் பக்கத்தில் என்னால் அதை வைக்க முடியாது.

இனி ரயில். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் தினமும் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். விடியும் முன் ஏறி, இருட்டிய பின் இறங்குகிறார்கள். பிரிகேட் ரோட்டிலும் கமர்ஷியல் தெருவிலும் பெரிய மால்களிலும் கிறிஸ்துமஸ் கடைசி நேரத்தில் மின்னுகிறதே, அந்த மின்னலுக்குப் பின்னால் நிற்பவர்களில் தங்கவயல் பிள்ளைகள் எத்தனையோ பேர். பில் போடுகிறார்கள், பரிசுப் பொட்டலம் கட்டுகிறார்கள், மரத்தில் ஏணி வைத்து விளக்கு மாட்டுகிறார்கள். பெரிய நகரம் கடைசி நிமிஷ சந்தோஷத்தை அனுபவிக்க, எங்கள் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடை விட்டால் ஓட வேண்டும், மாரிக்குப்பம் ரயில் போய்விடும். பங்காருபேட்டை தாண்டி கிளைப் பாதையில் திரும்பியதும் பெட்டிக்குள் யாராவது கேரல்ஸ் தொடங்கிவிடுவார்கள். கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொஞ்சம் குரல் இறங்கிப்போகும், மிச்சம் பாடிக்கொண்டே போகும். தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதி, பக்கத்துப் பையனுக்காகக் கன்னடத்திலும் ஒன்று. சுரங்கம் இருந்தபோது சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து அப்பா மேலே வந்தால்தான் எங்களுக்குப் பண்டிகை. இப்போது ரயில் வந்தால்தான்.

சம்பந்தியின் கேள்விக்கு இதையெல்லாம் விடப் பெரிய பதிலைப் புறக்கோட்டைத் துணிக்கடையில் ஒரு பையன் கொடுத்தான். பேரனின் சட்டையை மடித்துக்கொண்டே, "ஐயா இந்தியாவா? பேச்சுல தெரியுது" என்றான். அவன் பேச்சு எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். "ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். கடை விட்டதும் கோட்டையில ரயில் புடிக்கணும். நாளைக்கு நத்தாரு, நாளன்னைக்குப் பௌர்ணமி போயா, ரெண்டு நாள் லீவு. லயத்துல எல்லாரும் வந்திருவாங்க" என்றான். லயம் என்றால் என்ன என்று கேட்டேன். வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காம்பரா (அறை) என்று கையால் காட்டினான். அந்தக் கை காட்டியது எங்கள் லைனை! ஒரே இங்கிலீஷ் சொல். அங்கே மலையகத் தமிழன் வாயில் லயமாகி இசையின் பெயரைப் பெற்றுவிட்டது, எங்கள் வாயில் லைன் என்றே நின்றுவிட்டது.

அன்று முழுக்க அதே நினைப்பு. 1867இல் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர். எங்கள் சுரங்கத்தை நடத்தியது ஜான் டெய்லர் கம்பெனி. உறவில்லாத இரண்டு டெய்லர்கள். ஆனால் அவர்களிடம் வேலைக்குப் போன சனம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அக்கம்பக்கத்துச் சனம்தான். சேலத்திலும் ஆற்காட்டிலும் பஞ்சமும் சாதியும் துரத்த, ஒரு பாதி கங்காணி பின்னால் மலை ஏறியது, ஒரு பாதி மேஸ்திரி பின்னால் பூமிக்குள் இறங்கியது. 1948இல் மலை ஏறியவர்களிடமிருந்து குடியுரிமையைப் பறித்தார்கள். எங்களிடமிருந்து யாரும் அதைப் பறிக்கவில்லை. ஆனாலும் மூன்று நான்கு தலைமுறை அந்த மண்ணில் புதைந்த பிறகும் "நீங்க எந்த ஊர்?" என்ற கேள்வி பெங்களூரில் எங்களை விடவில்லை. கொழும்பிலும், கர்நாடகா என்றதும், "அப்ப தமிழ் கதைப்பீங்களோ?" என்று கேட்டவர்கள் உண்டு.

அப்படியானால் சம்பந்தி ஒப்பிட்டதே சரியான ஒப்பீடு இல்லை. கொழும்புக்கு ஜோடி பெங்களூரு. தங்கவயலுக்கு ஜோடி ஹட்டன். இரண்டு பெரிய நகரத்திலும் கடைசி நாள் என்பது போய்ப் பார்க்கிற, வாங்குகிற நாள். இரண்டு சின்ன ஊரிலும் அது வந்து சேருகிற நாள். ஹட்டன் லயத்தில் அன்றிரவு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தப் பையன் பொட்டலத்தைக் கொடுத்த அவசரத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

நள்ளிரவுப் பூசைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனோம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் குண்டு வெடித்த கோயில். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மறு பேச்சில்லாமல் எல்லோரும் காட்டினார்கள். உள்ளே தமிழும் சிங்களமும் கலந்து சனம் முழங்காலிட்டிருந்தது. அங்கே எனக்கு ஒப்பிடத் தோன்றவில்லை. சம்பந்தி என் தோளைத் தொட்டு, "நத்தார் வாழ்த்துக்கள்" என்றார். நானும் அந்தச் சொல்லிலேயே திருப்பிச் சொன்னேன். காலையில் பால்சோறும் கட்டைச் சம்பலும். எங்கள் வீட்டில் அந்த நேரம் இட்லியும் கறிக்குழம்பும் கொதித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வருகிற டிசம்பரில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். விமான நிலையத்திலிருந்து காரிலேயே கூட்டிப்போய்விடலாம் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 24ஆம் தேதி சாயந்திரம் பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் மாரிக்குப்பம் ரயில் ஏற்றப்போகிறேன். உட்கார இடம் கிடைக்காது, அவரைக் கதவோரம் நிறுத்திக்கொள்வேன். கோரமண்டல் தாண்டினால் சயனைடு மேடு இருட்டாகத் தெரியும். அதன் அடியில் லைன் லைனாக நட்சத்திரம்.