புனிதமும் அதிகாரமும்: கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் பாரதம் மறைநூலாகும் முறை

சமய நூலொன்று புனிதமானதாகவும் மக்களைக் கட்டுப்படுத்தும் ஆற்றலுடையதாகவும் கருதப்படுவதற்குக் காரணம் கூறுவோர் பெரும்பாலும் நூலின் தோற்றத்திலிருந்தே தொடங்குகின்றனர். இறைவன் அருளியது, முனிவர் கேட்டுணர்ந்தது, எவராலும் இயற்றப்படாதது என்றவாறு அவ்விளக்கங்கள் அமையும். விவிலியம், திருக்குர்ஆன், வேதம் ஆகியவற்றை முன்வைத்து உருவான இவ்வளவுகோல், கிருஷ்ணகிரி மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் படிக்கப்பெறும் வில்லிபாரதத்திற்குப் பொருந்துவதில்லை. அது அருளப்பெற்ற நூல் என்று அங்கே எவரும் வாதிடுவதில்லை. இயற்றிய புலவர் வில்லிபுத்தூரார், ஆதரித்தவர் வரபதி ஆட்கொண்டான் என்பது பாரதப் பிரசங்கியாருக்கு நன்கு தெரியும். எனினும், காப்புக் கட்டிய நாள்முதல் அந்நூல் மஞ்சளும் குங்குமமும் இடப்பெற்று அம்மன் முன் வைக்கப்பெறுகிறது. அதே பதிப்பின் மற்றொரு படி இக்கட்டுரையாளர் பயிலும் பல்கலைக்கழக நூலகத்தில் அட்டை கிழிந்து கிடக்கிறது. அச்செழுத்தில் வேறுபாடு இல்லை. வேறுபாடு எங்கே நேர்கிறது என்பதே ஆராயத்தக்கது.

வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித் 1993இல் மறைநூல் குறித்து வெளியிட்ட நூலில், மறைத்தன்மை நூலின் பண்பன்று, ஒரு சமூகம் அந்நூலோடு கொள்ளும் உறவே என்று நிறுவ முயன்றார். அதற்கு முன்பே, 1987இல், வில்லியம் கிரஹாம் மறைநூல்கள் எழுத்தைக் காட்டிலும் ஓதுதலிலும் கேட்டலிலுமே வாழ்ந்துவந்தன என்பதை விரிவாகக் காட்டியிருந்தார். தமிழகச் சான்றுகள் இவர்களுக்கு வலுச்சேர்ப்பன. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் வழங்கிய கூரம் செப்பேடு, ஊர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு நிலத்தை ஒதுக்குகிறது. கொடை நூலுக்கு அன்று, வாசிப்புக்கு. இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் சுவடியைப் படியெடுப்பதற்கோ பாதுகாப்பதற்கோ அன்றி, குரலுக்கு மானியம் வழங்கும் மரபு நம்மிடையே 1300 ஆண்டுப் பழமையுடையது என்பதை அது உணர்த்துகிறது.

நூலும் சடங்கும் பிரியும் இடம்

வில்லிபாரதம் பத்துப் பருவங்களில், சௌப்திக பருவத்தோடு முடிகிறது. கோயில் விழாவோ நூலைப் பின்தொடர்ந்து சென்று, ஓரிடத்தில் அதைத் தாண்டிவிடுகிறது. படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடை பிளக்கப்படுகிறது, திரௌபதி விரித்த கூந்தலை முடிக்கிறாள், பின்னர் தீமிதி. வியாச பாரதத்தின் செம்பதிப்பைப் புனே பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்தது. எண்ணற்ற சுவடிகளை ஒப்பிட்டு அமைத்த அப்பதிப்பின் மூலபாடத்தில் இக்கூந்தல் முடிப்புக்கு இடமில்லை. ஆயினும், ஊரார்க்கு விழாவின் உயிர் இதுவே. ஆகவே, புனிதம் என்பது மூலபாடத்தின் துல்லியத்தால் விளைவது என்னும் பதிப்பாசிரிய நம்பிக்கை (நம் துறையினர் பலர்க்கும் உள்ளூர இருப்பது) இங்கே தகர்கிறது.

எல்லைக்கு அப்பால் இது இன்னும் தெளிவாகிறது. ஓசூர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள ஆனேக்கல்லிலும் பெங்களூரிலும் தர்மராயசுவாமி கோயில்களில் திரௌபதிக்குக் கரக விழா எடுக்கப்பெறுகிறது. பெங்களூர் விழாவை நடத்துவோர் திகளர் சமூகத்தினர். கன்னடத்தில் குமாரவியாச பாரதம் உண்டு; அதுவும் பத்துப் பருவங்களே. வீரநாராயணனே கவி, தாம் எழுதுபவர் மட்டுமே என்று அதன் ஆசிரியர் தொடக்கத்திலேயே கூறிக்கொள்கிறார். வில்லிபுத்தூராரிடம் இல்லாத தெய்வ உரிமைக் கோரிக்கை இது. தோற்றமே புனிதத்தின் ஊற்று எனின், கரகம் அந்நூலையே பற்றி நின்றிருக்க வேண்டும். மாறாக, திரௌபதி அசுரனை வெல்ல வீரகுமாரர்களைத் தோற்றுவித்த கதையே அவ்விழாவின் அடிப்படை. அக்கதையைக் கூறும் கரக புராணம் பூசாரி மரபில் வாய்மொழியாக வழங்குவதை ஸ்மிருதி சீனிவாஸ் தம் 2001ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்துள்ளார். தெய்வமே பாடியதாகக் கூறப்பெறும் காப்பியம் அருகிலிருக்க, ஏட்டில் ஏறாத கதை மறையாக நிற்கிறது.

அதிகாரம் வேறு

ஸ்மித்தின் கருத்தில் ஒரு குறை உண்டு. உறவு புனிதத்தை விளக்குகிறது, அதிகாரத்தை விளக்குவதில்லை. அவர் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறார். முதல் மரியாதை யாருக்கு, காப்பு யார் கட்டுவது என்று ஊரில் பூசல் எழும்போது எவரும் பாரதத்தைப் புரட்டி விடை தேடுவதில்லை. பேசுவோர் ஊர்ப் பெரியவர்கள். அங்கே தீராவிடில் வருவாய்த் துறையும் காவல் துறையும். இதற்கு நேர் எதிரானது மனுநூலின் நிலை. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டம் இந்துக்களின் வழக்குகளைச் சாத்திரங்களின்படி தீர்க்க வேண்டும் என்றது. 1794இல் வில்லியம் ஜோன்ஸின் மனு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. எந்த ஊரிலும் காப்புக் கட்டிப் படிக்கப்படாத ஒரு நூல் நீதிமன்றத்தில் சான்றாக நின்றது. பல இரவுகள் விழித்திருந்து கேட்கப்பெற்ற நூலுக்கு அங்கே இடமில்லை. அதிகாரத்தை அளித்தது பக்தியன்று, அரசு. இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால், மக்கள் போற்றும் நூல்கள் யாவும் அவர்களை ஆளும் நூல்கள் என்ற தவறான முடிவுக்கே வருவோம்.

கேட்டலே மறைத்தன்மைக்கு அடிப்படை என்னும் கிரஹாமின் கருத்தும் இப்பகுதியில் இன்று சோதனைக்கு உள்ளாகிறது. சிப்காட் தொழிற்சாலைகளில் மூன்று முறைமாற்றுப் பணியில் இருப்போர் படுகளத்தன்று மட்டும் விடுப்பெடுத்து ஊர் திரும்புகின்றனர். பாரதத்தின் ஒரு சருக்கத்தையும் கேளாமலே தீமிதிப்போர் அவர்களுள் உண்டு. பகல் சொற்பொழிவில் ஐந்தாறு முதியவர்களே அமர்ந்திருக்கின்றனர். அன்றைய பகுதியைச் சுருக்கிக்கொள்ளலாமே என்று கள ஆய்வின்போது கேட்டதற்கு, பிரசங்கியார் ஒருவர் கருவறைப் பக்கம் கைகாட்டி, "கேட்கறவங்க அங்க இருக்காங்க" என்றார்.