நெற்றிக்கண் தெரியாத நாடகம்

கண்ணுக்கு வேலையே இல்லாத நாடகத்தில் என்ன சுவை இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. திரைப்படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, ஒரு மணி நேர அளவில் சுருக்கி, 'ஒலிச்சித்திரம்' என்ற பெயரில் வானொலி வழங்கிய காலத்தை அவர்கள் அறியார். மதுரைக்கெனத் தனி நிலையம் இல்லாத 1960களில், திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் வைகைக் கரைக்கு நாடகத்தைச் சுமந்து வந்தன.

இலங்கையில் சானாவும் சில்லையூர் செல்வராசனும் செவிக்கென்றே நாடகம் படைத்தனர். ஒலிச்சித்திரமோ கண்ணுக்காக எடுத்ததைக் காதுக்காக வெட்டியது. சண்டை வந்தால் வெறும் இரைச்சல். நடனம் வந்தால் சலங்கை மட்டும். பாதி பழுதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாதம் வந்தால்?

1965இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தின் தருமி பகுதியைக் காதால் மட்டும் கேளுங்கள். புராணப் படமாயிற்றே, நமக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? வேலை இருக்கிறது.

நாகேசின் தருமி முதலில் நகைக்க வைக்கிறான். பாட்டில் பிழை என்றதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டாவது கொடுங்கள் என்று மன்றாடுகிறானே, அவ்விடத்தில் முகம் தெரியாததால் நகைச்சுவை விலகிவிடுகிறது. பசித்தவன் குரல் மட்டும் எஞ்சுகிறது. திரையில் நாம் சிரித்த இடம் அது!

அடுத்து, குறுந்தொகையின் இரண்டாம் பாடலைப் பற்றிய வழக்கு. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா? சிவாசி கணேசன் சிவனாக முழங்குகிறார். நாகராசனே நக்கீரராக நின்று மறுக்கிறார். திரையிலே ஒருவர் கடவுள், மற்றவர் புலவர் என்று ஒப்பனை சொல்லிவிடும். செவியில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. குரலுக்குக் குரல், கேள்விக்குக் கேள்வி. சான்று தீர்ந்துபோன கடவுள் என்ன செய்கிறார்? கூந்தலை விட்டுவிட்டு, எதிராளியின் சங்கறுக்கும் தொழிலைச் சுட்டி இழித்துப் பேசுகிறார்! நக்கீரர் அத்தொழிலை மறைக்கவில்லை, நாணவில்லை. உமது குலம் எதுவென்று திருப்பிக் கேட்கிறார். காளவாசலில் நம்மிடம் பயிலும் மாணவர்க்கு இப்பகுதியை ஒலியாக மட்டும் கேட்கச் செய்தோம். "பதில் தெரியாததால்தான் தொழிலைப் பேசுகிறார்" என்றான் ஒருவன், நாம் விளக்குமுன்பே.

எழுதி இயக்கியவர் பத்தி நெறியினர். ஆயினும் வாதத்தில் புலவனை வெல்லவிட்டார். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். பிறகு நெற்றிக்கண் திறக்கிறது. ஒலியில் அது ஓர் ஓசை, அவ்வளவே. தீயும் தெரிவதில்லை, பொற்றாமரைக் குளமும் தெரிவதில்லை. எல்லாம் விளையாட்டே என்று அமைதி சொல்லி முடிக்கும் பகுதி, காதுக்குச் சப்பென்றிருக்கிறது. சுருக்கும் கத்தரி அங்கே இன்னும் தாராளமாக ஓடியிருக்கலாம்.