வல்லும் விண்மீனும்: ஆடுவோர் உரை பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் 'வல்' என்னும் சொல்லின் புணர்ச்சி கூறுங்கால், அது நாய், பலகை என்னும் சொற்களோடு சேருமிடத்து உகரம் கெட்டு அகரம் நிற்றலும் உண்டு என ஒரு தனிவிதி வகுத்தார். வல்லுநாய், வல்லநாய், வல்லுப்பலகை, வல்லப்பலகை என்பன அவ்விதியால் அமையும் வடிவங்கள். நாய் என்றது ஈண்டு விலங்கினை அன்று. பலகைமேல் வைத்து ஆடும் காயினை. ஓர் ஆட்டக் காயின் பெயருக்கும் ஆட்டப் பலகையின் பெயருக்கும் இலக்கண நூலார் விதி கூற நேர்ந்தது எனின், அச்சொற்கள் நாள்தோறும் மக்கள் நாவில் வழங்கின என்பது தெளிவு. சொல் எவ்வாறு புணர்ந்தது என்பதை இன்றும் பிழையின்றி மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ஆனால், காய் எவ்வாறு நகர்ந்தது என்று ஒரு மாணவர் வினவின் விடை கூற நூல் இல்லை. பெயர் பிழைத்தது, ஆட்டம் பிழைக்கவில்லை. இது ஏன் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

சங்கப் பாக்கள் இரண்டு வல்லாட்டத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்று 52ஆம் பாட்டில் பகைவரது ஊர்ப் பொதியில் பாழ்பட்டுக் கிடக்கின்றது. நரைத்த முதியோர் காய் வைத்து ஆடி ஆடித் தேய்ந்த குழிகளில் கானக்கோழி முட்டையிடுகின்றது. அகநானூற்று 377ஆம் பாட்டில் வருவதும் பாழ்ப் பொதியிலே; அங்குக் கறையான் அரித்தலால் வல்லின் அழகு கெட்டது. இரண்டிடத்தும் ஆட்டம் காட்டப்படுவது அது நின்றுபோன பின்னரே என்பது கருதற்பாலது. ஆயினும் அகப்பாட்டின் புலவர் ஓர் அரிய சொல்லை நமக்கு விட்டுச் சென்றார். நடுங்கும் தலையைத் தாழ்த்தி ஆடும் அம்முதியோர்தம் மனத்தைக் 'கவைமனம்' என்றார். மரக்கிளை கவைத்துச் செல்வதுபோல, 'யான் ஈண்டு வைப்பின் அவன் ஆண்டு வைப்பான். அவன் ஆண்டு வைப்பின் யான் யாது செய்வேன்' எனப் பலவாகப் பிரிந்து ஓடும் மனம் அது என யாம் பொருள் கொள்கின்றோம். கவற்றினை உருட்டி அது வீழும் வகையை மட்டும் நம்பி இருப்பார்க்கு இத்தகைய மனம் வேண்டுவதன்று. வல்லு என்பதைச் சூது என்று கூறி அமைவாரும் உளர். அச்சொல் ஒன்றை மட்டும் நோக்கினும், வல்லு கருத்தால் ஆடும் ஆட்டமாகவும் இருந்திருத்தல் கூடும் என்றே தோன்றுகின்றது.

இவ்வொரு சொல் நீங்கலாக, ஆட்டத்தின் உட்புறம் பற்றி நம் இலக்கியம் பேசுவது மிகக் குறைவு. வள்ளுவர் சூதிற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் நோக்கம் ஆடாமை. புகழேந்தியார் நளனது நாடும் பொருளும் கவற்றில் போன கதையைப் பாடினார். வில்லிபுத்தூரார் தருமனது வீழ்ச்சியைப் பாடினார். பணயம் யாது, இழந்தவன் அழுதது எவ்வாறு என்பன நமக்கு நன்கு தெரியும். ஆட்டம் நன்றாக ஆடப்பட்டதா என்பதை மட்டும் ஒருவரும் கூறார். நெய்தற்கலியில் ஒரு பாட்டு இதற்கு விலக்கு. தலைவியின் மகிழ்ச்சியையும் வாட்டத்தையும் பத்து விழப்பெற்றவன் மனத்தோடும் தோற்றவன் மனத்தோடும் ஒப்பிட்டுச் செல்லும் அப்பாட்டில் 'சிறுவித்தம்' என ஆடுவோர் வழக்குச் சொல்லும் வருகின்றது. கவறாடும் இடத்தில் நின்று கேட்ட காதினையுடைய புலவர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்க்கு வேண்டியது உவமையே; ஆட்டம் அன்று.

இக்குறையின் அளவு, ஆடுவோர் உரை நிரம்பிய பிறிதோர் ஆட்டத்தை அருகில் வைத்து நோக்கினால் விளங்கும். அவ்வாறு யாம் எடுத்துக்கொள்வது 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்னும் கணிப்பொறி விளையாட்டு. தமிழ்த்துறை இதழில் இதற்கு இடம் உண்டா என்று வினவுவார்க்கு, வல்லுநாய்க்குத் தொல்காப்பியத்தில் இடம் இருந்தது என்பதே விடை.

அமெரிக்க நாட்டுச் சிம்டெக்ஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் பார்சியா என்பார் தலைமையில் ஆக்கப்பட்டு, மைக்ரோபுரோஸ் நிறுவனத்தால் 1993இல் வெளியிடப்பெற்றது இது. ஓரியன் என்பது நாம் மிருகசீரிடம், திருவாதிரை எனப் பிரித்து வழங்கும் விண்மீன்கள் அடங்கிய கூட்டத்தின் பெயர். பத்து இனங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒரு கோளிலிருந்து தொடங்கி விண்மீன்தோறும் குடியேறி, அறிவியல் வளர்த்து, பகைவரோடு பொருதோ உடன்பட்டோ தலைமை பெறுதல் ஆட்டத்தின் போக்கு. முறைவைத்து ஆடுவது, ஒரு முறைக்கு ஓர் ஆண்டு கழியும். ஆடுவோன் எண்ணி முடிக்கும்வரை காலம் காத்து நிற்கும். கவைமனத்திற்கு இடங்கொடுக்கும் ஆட்டம் என்று இதனைக் கூறுவது இதுபற்றியே. வெற்றிக்குப் போர் ஒன்றே வழியன்று. விண்மீன் அவையில் மூன்றில் இரு பங்கு வாக்குப் பெற்றும் வெல்லலாம்.

அதே 1993இல் 'கம்ப்யூட்டர் கேமிங் வோர்ல்டு' என்னும் இதழில் ஆலன் எம்ரிச் என்னும் திறனாய்வாளர் இவ்வாட்டத்தை அறிமுகம் செய்து எழுதினார். தேடுதல், பரவுதல், பயன்கொள்ளுதல், அழித்தல் என்னும் பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களால் இதன் இயல்பை அவர் வரையறுத்தார். அந்நான்கும் சேர்ந்து ஒரு வகைப்பெயராகிப் பின்வந்த ஆட்டங்கள் பலவற்றிற்கும் வழங்கலாயிற்று. பாடல்களைக் கண்டு துறை வகுத்துப் பெயரிட்ட நம் முன்னோர் செயலை இது ஒக்கும். வெட்சியும் வஞ்சியும் அந்நான்கிற்கு நேர் என்று கூற யாம் முற்படவில்லை; அத்தகைய ஒப்புமைகள் எளியன, பயனற்றன. பெயரிட்டவர் அரசரோ அறவோரோ அல்லர், ஆடியறிந்த ஒருவர் என்பதே ஈண்டு வேண்டப்படும் செய்தி.

1996இல் இரண்டாம் ஆட்டம் வந்தது. அதன் பின்னர் ஆடுவோர் இரு சாராராயினர். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. முதலாட்டத்தில் ஒவ்வொரு கோளிற்கும் ஐந்து கோடுகள் உண்டு: கப்பல், காவல், தொழில், சூழல், ஆராய்ச்சி. கோட்டினை நீட்டியும் குறைத்தும் கோளின் உழைப்பைப் பங்கிடுவர், அவ்வளவே ஆட்சி. இரண்டாம் ஆட்டம் கோடுகளை நீக்கிக் கட்டடங்களை வைத்தது. ஆலையும் ஆய்வுக்கூடமும் ஒன்றொன்றாக எழுப்பப்படல் வேண்டும். படைத்தலைவரை அமர்த்தலாம், தன் இனத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம், முதலாட்டத்தில் இல்லாத வகையில் மனிதர் பலர் தம்முள் எதிர்த்து ஆடலாம். முதலாட்டத்தார் சுருக்கத்தைப் புகழ்வர்: கோள்கள் ஐம்பதானாலும் ஆட்சி சுமையாவதில்லை என்பர். இரண்டாம் ஆட்டத்தார் வளத்தைப் புகழ்வர்: கோடுகள் கணக்கேடு, கட்டடங்களே ஊர் என்பர். இருவர் கூற்றும் உண்மையே. நூற்பாவை விரும்புவாரும் உரைவிரிவை விரும்புவாரும் நம்மிடையேயும் உளர் அல்லரோ?

ஆனால் வழக்கின் உயிர்நிலை கோட்டிலும் கட்டடத்திலும் இல்லை. கண்டுபிடிப்புகளைப் பகிர்ந்தளிக்கும் முறையில் உள்ளது. முதலாட்டத்தில் ஆறு அறிவியல் துறைகள் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் அவற்றுட் சில கண்டுபிடிப்புகள் ஒருவனுக்கு இல்லாமலே போகும். எவை போகும் என்பதை முன்னறிய இயலாது. இல்லாததைப் பெற வேண்டின் ஒற்றரை ஏவ வேண்டும், பண்டமாற்றுச் செய்ய வேண்டும், அன்றிப் போரில் கவர வேண்டும். இரண்டாம் ஆட்டத்தில் பெரும்பாலும் சிலவற்றுள் ஒன்றைத் தானே தேர்தல் வேண்டும்; 'படைப்புத்திறன்' என்னும் இயல்பினை இனத்திற்கு விலைகொடுத்து வாங்கியவன் எல்லாவற்றையும் பெறுவான். தேர்வுரிமை பெரிதாயிற்று என்று மகிழ்ந்தார் பலர். முதலாட்டத்தார் கூறும் மறுப்பு இது: தேர்வு தன்னிடம் இருப்பின் ஒருவன் நல்லதெனக் கண்ட வழியையே மீண்டும் மீண்டும் தேர்வான்; இழப்பு புறத்திருந்து வரின் புதுவழி காணுதல் வேண்டும். எம் கருத்தும் இச்சார்பினதே. தன்னிடம் இல்லாததைக் கொண்டு ஆடப் பழகுதலே கவைமனத்திற்குப் பயிற்சி. முதலாட்டத்தைப் போற்றுவாருட் சிலர் தம் இளமையையே போற்றுகின்றனர் என்னும் குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. எனினும் மேற்கூறிய மறுப்பு இளமை நினைவன்று, வாதம். 2003இல் வேறொரு குழுவினர் ஆக்கிய மூன்றாம் ஆட்டம் பற்றிப் பெரிதும் கருத்து வேற்றுமை இல்லை. ஆட்சியைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டு ஆடுவோன் பார்த்திருக்க நேர்ந்தது என்று பலரும் குறைகூறினர்.

படைப்புத்திறன் பற்றிய கருத்துகளுள் ஒரு முரண் உண்டு. பொறியை எதிர்த்துத் தனியே ஆடுவோர் பலர் அதனைச் சிறந்ததெனக் கொள்வர். மனிதரை எதிர்த்து ஆடுவோர் அதன் விலை மிகுதி, அறிவு முற்றுமுன் பகைவன் வந்து சூழ்வான் என்று அதனைத் தள்ளுவர். ஒன்று மெய் மற்றது பொய் என்று கொள்ளுதல் பிழை. இருவரும் வெவ்வேறு களத்தில் நின்று பேசுகின்றனர். நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசுவது அரங்கு இழைக்காமல் வட்டாடுவது போலும் என்றார் வள்ளுவர். சூதினைக் கடிந்த அவரே கல்லாமையைக் கூற வட்டாட்டத்தை உவமையாக்கியது நோக்கத்தக்கது. காஞ்சியில் வாழ்ந்தவர் என மரபு கூறும் பரிமேலழகர் முதலாயினார் அரங்கு என்பதற்கு ஆடுதற்கு வகுத்த இடம் என்றே பொருள் கண்டனர். ஆடுவோர் கருத்திற்கும் ஓர் அரங்கு உண்டு: யாரை எதிர்த்து, எவ்வளவு கடினத்தில், எந்த இனத்தைக் கொண்டு ஆடினார் என்பது. அவ்வரங்கினைக் கூறாது 'நன்று', 'தீது' என்பார் உரை வெறும் ஒலி. நெடுங்காலம் ஆடியோர் தம் உரையில் இதனைத் தவறாது குறிக்கக் காண்கின்றோம். தேர்ந்த உரையாசிரியர் இடம் சுட்டிப் பேசுவது போல்வது அது.

சிம்டெக்ஸ் நிறுவனம் 1997இல் மூடப்பட்டது. ஆட்டம் மூடப்படவில்லை. ஆடுவோர் அதன் கணக்குகளை வெளிக்கொணர்ந்தனர், எழுதினர், மறுத்தெழுதினர். அண்மையில் ரே ஃபௌலர் என்பார் முதலாட்டத்தைத் தழுவிப் புதிதாகவே ஓர் ஆட்டம் இயற்றி எவரும் பெறுமாறு வழங்கினார். மூலப்பொருள் முழுதும் அழிந்தாலும் ஆடினோர் உரையிலிருந்து அவ்வாட்டத்தைப் பெரும்பகுதி மீட்கலாம். வல்லிற்கு இது இயலாமற் போனது, பலகை மரமாகவும் நிலம் குழியாகவும் இருந்தமையால் அன்று. முதியோர் பேசியதை ஒருவரும் எழுதாமையால்.

இது பழங்கதை என்று விடுதற்கில்லை. தமிழகக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தளக்கற்களில் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டங்கள் கீறப்பட்டுள்ளன. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று சந்தி. ஆடுகள் ஒன்றொன்றாக இறக்கப்படும். புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சூழ்ந்து புலியை அடைக்கும். இரு பக்கத்தாரும் ஒரே படையோடு எதிர்நிற்கும் சதுரங்கம் போன்றதன்று இது. எண்ணிக்கையும் ஆற்றலும் குறிக்கோளும் இரு பக்கத்தும் வேறு. ஓரியன் ஆட்டத்துப் பத்து இனங்களின் வேற்றுமையைப் புதுமை என வியப்போர் இதனை அறிதல் வேண்டும். திருப்பணியின்போது தளத்திற்குப் புதுக்கல் பாவப்படின் கீறல் மறையும். அதனைப் படம் எடுத்து வைத்தல் எளிது, எடுப்பாரும் உளர். ஆடுவோர் உரையை எடுப்பார்தாம் அரியர்.

பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலில் ஆடுமுறைகளைத் தொகுத்தளித்தார். அந்நூல் இல்லையேல் பல ஆட்டங்களின் முறையே நமக்கு எட்டியிராது. முறை கிடைத்த பின்னர் வேண்டப்படுவது மதிப்பீடு. காஞ்சிப் பட்டினை அறிந்தார்க்கு இவ்வேறுபாடு விளங்கும். கரையும் உடலும் வேறு நிறமாயின் அவற்றைக் கோர்வை போட்டு இணைப்பர். நெய்வாரோடு துணையாள் ஒருவர் அமர்ந்து ஒருபுறக் கரைக்குரிய நாடாவை எறிவார். முடிந்த புடவையில் கோர்வையின் பல் தெரியும். தறியில் இருந்த இருவர் 'இழை தளர்ந்தது, இறுக்குக' எனத் தம்முள் தேர்ந்துரைத்தது தெரியாது. ஆடுமுறை புடவை, ஆடுவோர் உரை அத்தறிப்பேச்சு.

முதுகலை மாணவர் களப்பணிக்குச் செல்லுங்கால் வினாநிரலில் சில சேர்த்தல் நலம். ஆடுகள் அனைத்தும் இறங்குமுன் இறங்கிய ஆட்டினை நகர்த்தலாமா, நகர்த்தின் ஆட்டம் கெடுகின்றதா? எத்தனை ஆடு வெட்டுண்ட பின்னரும் புலியை அடைக்க இயலும் என அவர் கருதுகின்றார்? முதற்புலியை உச்சியில் வைத்தலை ஏற்கின்றாரா? புலிப்பக்கம் எளிது என்பாரும் ஆட்டுப்பக்கம் எளிது என்பாரும் யாரோடு ஆடிப் பழகினர்? விடைகள் முரண்பட்டால் ஒன்றனைத் திருத்தாமல் இரண்டனையும் எழுதுக. கூறியவர் எவ்வூரில், எத்தனை ஆண்டு, எப்பக்கம் மிகுதியாக ஆடினார் என்பதையும் உடன் குறிக்க. புலி ஆடுவோர் வழங்கும் சொற்கள், வெட்டுக்கும் அடைப்புக்கும் அவர் இடும் பெயர்கள் ஆகியவற்றை அகராதிச் சொல்லாக மாற்றாமல் அவர் வாய்மொழியிலேயே பதிவு செய்க.