களத்துமேட்டுப் பாட்டும் கூலி மரக்காலும்

கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தது, அறுப்புப் பாட்டு மடிந்தது என்று இரங்குவது நம் சஞ்சிகைகளில் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. ஆனந்தத்தில் பிறந்த பாட்டை யந்திரம் கொன்றுவிட்டதாம். சின்னாளப்பட்டித் தறிகளுக்கு அப்பால் ஆத்தூர்ப் பக்கத்து வயல்களைப் பற்றியும் இதே பிரலாபம் கேட்கிறது. பாட்டு ஆனந்தத்தில் பிறந்தது என்பதே எனக்குச் சம்மதமில்லை.

நெல்லரிவோர் முழக்கிய தண்ணுமைக்கு வெருவிப் பறவைகள் எழும் சங்கக் காட்சியும், சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையின் முகவைப் பாட்டும் வாசகர் அறிந்தவையே. பள்ளுப் பிரபந்தங்களையும் விரிக்க வேண்டியதில்லை. முக்கூடற் பள்ளன் தண்டனையாகத் தொழுவில் மாட்டப்படுவதைக்கூட ஹாஸ்யமாக்கி ரசித்த மரபு அது.

நம்முடைய பெருங்குறை சேகரிப்பாளர் காலத்தில் நேர்ந்தது. மு. அருணாசலம் 1943-இல் 'காற்றிலே மிதந்த கவிதை'யைத் தந்ததும், பெர்ஸி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா.ஜ. 1958-இல் 'மலையருவி'யாகப் பதிப்பித்ததும் மகத்தான தொண்டுகளே; ஆயினும் அந்தத் தலைமுறையின் ரசனை பாட்டின் இனிமையில் மயங்கி, யார் முன்னே, எந்த வேளையில், எத்தனை மரக்கால் நெல்லுக்காக அது பாடப்பட்டது என்ற விசாரணையைப் பெரும்பாலும் கைவிட்டது. அயர்லாந்திலோ 1935-இல் அமைந்த நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே கதையோடு கருவியையும், சடங்கோடு உணவையும் எழுதி வாங்கிற்று. இங்கே அந்தத் திசையில் துணிந்து நடந்தவர் நா. வானமாமலை. 1964-இல் வெளிவந்த அவருடைய 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' பாட்டையும் பாடியவரின் வாழ்வையும் பிரித்துப் பார்க்க மறுத்தது.

களத்தை நினைத்துப் பாருங்கள். கருக்கரிவாளால் அரிந்து, கட்டுக் கட்டித் தலைச்சுமையாய்க் கொணர்ந்து, அடித்துத் தூற்றிப் பொலி குவித்தபின், முதல் மரக்காலை 'லாபம்' என்று எண்ணி அளக்கையில், நிலக்காரர் வீட்டையும் மக்களையும் வாழ்த்திப் பாடுகிறவள் தன் கூலிநெல் தலைதட்டாமல் விழவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். அந்த விண்ணப்பம் எத்தனை பலவீனமானது என்பதைத் தஞ்சை காட்டிற்று. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட பூசலின் பின்னணியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். மறு ஆண்டே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெல்லாய் அளந்த கூலி காசாகி, பொலியருகே நின்று புகழவேண்டிய அவசியம் ஒழிந்தபோதே அந்தப் பாட்டின் பிரயோஜனமும் போயிற்று என்பது என் கட்சி. யந்திரம் பிந்தி வந்து பழியை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

ஆகையால் இனிச் சேகரிக்கப் புறப்படுகிறவர்கள், 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமத்து மாணவர்களாயினும் சரி, அறுப்புக்குப் போய்வந்த மூதாட்டிகளிடம் எடுத்தவுடன் "ஒரு பாட்டுப் பாடுங்கள் பாட்டி" என்று கேளாதிருப்பார்களாக. ஒரு நாள் அறுப்புக்கு எத்தனை படி அளந்தார்கள், எந்தப் படியால், யார் கையால் என்று கேட்கட்டும். பாட்டை அதன்பின் கேட்கலாம்.