அவைக் குறிப்பில் உடுக்குறி

நூல் ஒன்றனை ஆராயப் புகுவார் முதற்கண் அதன் மூலபாடம் யாது எனத் துணிதல் வேண்டும். பாடம் துணியாது பொருள் கூறப் புகுதல் அடிப்படையின்றிச் சுவர் எழுப்புவதனை ஒக்கும். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் போற்றிய நெறி இது. ஏட்டுச் சுவடிக்கு உரிய இந் நெறி நாடாளுமன்ற அவைக் குறிப்புகளுக்கும் உரியது என்பதும், அக் குறிப்புகள் கணினிக்கு மாறிவரும் இந் நாளில் அது பெரிதும் வேண்டப்படுகின்றது என்பதும் இக் கட்டுரையின் கருத்து. மக்களவை விவாதத் தொகுதிகள் ஈண்டுச் சிறப்பாக ஆராயப்படுகின்றன.

அவைக் குறிப்பு, பேசிய பேச்சின் நிழற்படம் அன்று. உறுப்பினர் பேசுகின்றார்; அதனை அவையின் பணியாளர் குறித்துக்கொள்கின்றனர்; பின்னர்ச் செப்பஞ் செய்கின்றனர்; அதன் பின்னரே அஃது அச்சாகின்றது. 1909 முதல் தன் பணியாளரைக் கொண்டே குறிப்பு எடுத்துவரும் பிரித்தானியப் பொதுமக்கள் அவையும், கூறியது கூறலை நீக்கி வெளிப்படையான பிழையைத் திருத்தித் தருவதனையே தன் மரபாகக் கொண்டுள்ளது. ஆகவே அவைக் குறிப்பு ஒரு பதிப்பே. அதற்குப் பதிப்பாசிரியர் உளர். ஆயின் அவர் பெயர் பக்கத்தில் இல்லை. பெயரில்லாத அப் பதிப்பாசிரியரின் கை எங்கெங்குப் பட்டது என்பதனைக் காட்டும் சிறு அடையாளமே உடுக்குறி.

மக்களவைத் தொகுதிகளில் உடுக்குறி இரு வேறு தொழில் புரிகின்றது. ஒன்று நீக்கத்தை உணர்த்துதல். மற்றொன்று மொழிபெயர்ப்பை உணர்த்துதல்.

முதலாவதனைக் காண்போம். அவதூறானவை, நாகரிகமற்றவை, நாடாளுமன்ற மரபுக்கு ஒவ்வாதவை, கண்ணியக் குறைவானவை எனத் தலைவர் கருதும் சொற்களை நீக்க ஆணையிடும் அதிகாரத்தை அவையின் நடைமுறை விதி 380 தருகின்றது. நீக்கிய இடத்தில் உடுக்குறி இட்டு, தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று அடிக்குறிப்பு எழுதுக என்பது விதி 381. இவ் விரண்டனுள் பின்னது, ஆராய்வார்க்குப் பெரிதும் உதவுவது. நீக்கியது இன்னது என்று அது கூறாதாயினும், நீக்கம் நிகழ்ந்தது என்பதனை மறைக்கவில்லை. செல்லரித்த ஏட்டில் எழுத்தழிந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் நேர்மை இதன்கண் உண்டு.

நீக்கிய சொல்லை வெளியார் வெளியிடலாமா என்னும் வினா பீகார் சட்டமன்றத்தைப் பற்றி எழுந்தது. 1957 மே 30-ஆம் நாள் அவ் அவையில் ஆற்றிய உரையொன்றன் நீக்கப்பட்ட பகுதிகளையும் பாட்னாவிலிருந்து வெளிவந்த ‘சர்ச்லைட்’ நாளிதழ் வெளியிட்டது. 1958 திசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அவையின் சிறப்புரிமையை நிலைநாட்டிற்று. நீதிபதி சுப்பாராவ் மட்டும் மாறுபட்டார். அந் நாளில் அவையில் இருந்தார் சிலரே சொல்லைக் கேட்டனர். குறிப்பினின்று நீக்கின், சொல் பெரும்பாலும் மறைந்தது. 2006-இல் மக்களவைத் தொலைக்காட்சி தோன்றிய பின்னர் நிலைமை வேறாயிற்று. சொல் பிறந்த நொடியிலேயே நாடெங்கும் கேட்கின்றது. நீக்க ஆணையோ பின்னர் வருகின்றது. இதனால் ஓர் உரைக்கு இரு பாடங்கள் உண்டாகின்றன: கேட்ட பாடம் ஒன்று, அச்சிட்ட பாடம் ஒன்று. அவையில் இல்லாத ஒருவர்மீது வீசப்பட்ட பழியை நீக்குதல் அறமே. ஆயினும் இரு பாடங்கள் உள என்பதனைச் சொல்லாது, ஒன்றே உண்டு எனக் காட்டுதல் ஆய்வுக்கு ஆகாது.

உடுக்குறியின் இரண்டாம் தொழில் தமிழாய்வாளர்க்கு இன்னும் நெருங்கியது. நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும் என்றும், அவ் விரண்டிலும் தம் கருத்தைச் செவ்வனே உரைக்க இயலாத உறுப்பினர் தாய்மொழியிற் பேசத் தலைவர் இசைவளிக்கலாம் என்றும் அரசியலமைப்பின் 120-ஆம் உறுப்புக் கூறுகின்றது. அவ்வாறு தமிழிற் பேசியோர் பலர். அவர்தம் உரையை அச்சுத் தொகுதியில் தேடிச் செல்வோர் காண்பது ஆங்கிலப் பத்திகளையே. பெயரருகே ஓர் உடுக்குறி. பக்கத்தின் அடியில், தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்னும் ஒற்றை வரி. தமிழுரை அப் பக்கத்தில் இல்லை.

1962 மே 1-ஆம் நாள் மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா தம் கன்னியுரையை ஆங்கிலத்தில் ஆற்றினார். ஆதலின் அதன் சொற்களை அவருடைய சொற்களாகவே கொண்டு நடையாய்வு செய்தல் இயலும். தமிழிற் பேசிய உறுப்பினர்க்கு அவ் வாய்ப்பு இல்லை. ‘மானம்’ என்று அவர் கூறியிருப்பின், மொழிபெயர்ப்பாளர் அதனை ‘ஆனர்’ என்னலாம், ‘டிக்னிட்டி’ என்னலாம், ‘செல்ஃப் ரெஸ்பெக்ட்’ என்னலாம். இறுதியிற் கூறியதனைத் தேர்ந்தால், பேசியவர் கருதாத ஓர் இயக்கத்தின் வரலாறே அவ் உரைக்குள் நுழைந்துவிடும். பழமொழியும் சிலேடையும் வட்டார வழக்கும் அடையும் இழப்பைச் சொல்ல வேண்டுவதில்லை.

கணினிமயமாதல் இக் குறையைத் தீர்த்ததா, பெருக்கிற்றா? அச்சுப் பக்கத்தைப் படமாக எடுத்து இணையத்தில் வைக்கும் அளவில் தீங்கில்லை. உடுக்குறியும் அடிக்குறிப்பும் ஒரே பக்கத்தில் நிற்கும். அப் படத்தை எழுத்துணரி மென்பொருளால் தேடற்குரிய உரையாக மாற்றி, உறுப்பினர்வாரியாகப் பிரித்துத் தரவுத் தொகுதி ஆக்குங்கால் அடிக்குறிப்பு தன் இடத்தினின்று எளிதிற் பிரியும். பிரிந்தபின், மொழிபெயர்ப்பாளர் சொல் உறுப்பினர் சொல்லாகவே எண்ணப்படும். சொல்லெண்ணிக்கை கொண்டு முடிவு கூறும் ஆய்வுகள் பெருகிவரும் காலம் இது. அடையாளம் இழந்த பாடத்தின்மீது எழும் எண்ணிக்கை எத்துணை நுட்பமாயினும் பிழைபடும் என்க.

பிற அவைகளின் நெறியை ஒப்பிடுதல் பயன் தரும். இலங்கை நாடாளுமன்றக் குறிப்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றனுள் உறுப்பினர் பேசிய மொழியிலேயே உரை அச்சாகின்றது. தமிழுரை தமிழெழுத்தில் நிற்கின்றது. சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அவை மொழிகள். அங்குத் தமிழிற் பேசிய உரைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைத் தருவதோடு, தாய்மொழி உரையினையும் இணைத்துக் காட்டும் மரபு உண்டு. இவற்றுள் முன்னையது மூலத்தைக் காக்கின்றது. பின்னையது மூலத்தையும் காத்துப் பிறமொழி வாசகர்க்கும் உதவுகின்றது. சிங்கப்பூர் நெறியே சிறந்தது என்பது எம் துணிபு.

பல மொழிகள் வழங்கும் பெரிய அவையில் இஃது அரிது என்பர் சிலர். அச்சுக்கோத்த காலத்தில் அத் தடை மெய்யே. ஆயின் 2025 பெப்ருவரியில் மேலும் ஆறு மொழிகளுக்கு உடனிகழ் மொழிபெயர்ப்பை விரிப்பதாக மக்களவைத் தலைவர் அறிவித்தார். பேசும் மொழிக்கு இடமளிக்கும் அவை, எழுதும் குறிப்பில் அம் மொழிக்கு இடமில்லை என்றல் பொருந்தாது. தாளின் செலவும் எழுத்தச்சின் குறையும் கணினியில் இல்லை.

இதற்கு உரிய கருவியும் உளது. சட்டமன்ற ஆவணங்களுக்கென ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியில் ஆப்பிரிக்க நாடாளுமன்றங்களை முன்னிட்டு உருவாகி, 2018-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்ற ‘அகோமா ந்டோசோ’ என்னும் குறியீட்டு முறை, ஒரே ஆவணத்தின் மொழிவடிவங்களை வேறுபடுத்திக் காட்டி ஒன்றோடொன்று பிணைக்கின்றது. பேசியவர் யார், மூலம் யாது, பெயர்ப்பு யாது என்பன அதன்கண் அடிக்குறிப்பாக அன்றி, உரையோடு ஒட்டிய குறியாகவே நிற்கும்.

2022-இல் நாகாலாந்துச் சட்டமன்றம் ‘நேவா’ முறையைக் கைக்கொண்டதைத் தொடர்ந்து, தாளில்லா அவைகள் பெருகி வருகின்றன. தாளை ஒழித்தல் மட்டும் சீர்திருத்தம் ஆகாது. தாள் காத்த அடையாளங்களையும் காத்தல் வேண்டும். உறுப்பினர் தமிழில் ஆற்றிய உரையின் ஒலிப்பதிவினின்று தமிழ்ப்பாடம் எழுதி, ஆங்கிலப் பெயர்ப்பின் அருகே வைத்தல் தக்கது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் அப் பணியில் துணை நிற்றல் கூடும். ஒலிகேட்டுப் பாடம் துணிதல் முதுகலை மாணவர்க்கு நல்ல பயிற்சியும் ஆகும். அதுவரை, அவைக் குறிப்பை மேற்கோள் காட்டுவோர் உடுக்குறியையும் உடன் காட்டுவாராக. அதனை விடுத்து எடுத்தாளுதல், பதிப்பாசிரியர் சொல்லை ஆசிரியர் சொல்லாகக் கொள்ளும் பெரும் பிழையாய் முடியும்.