துரையம்மாவும் வண்ணாரும்

‘மதராசபட்டினம்’ என்னும் தமிழ்ப்படம் 2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. அதன் பின்னர் எத்தனையோ படங்கள் வந்தன, மறைந்தன. ஆயினும், நமது தோட்டத்து லயங்களிலும், தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டணத்து வீடுகளிலும் இப்படத்தை மறுபடியும் மறுபடியும் பார்த்துக் கண்ணீர் சொரிவோர் இன்றும் உளர். அவர்களது கண்ணீரை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால், ஒரு சமூகம் எதைக் கண்டு அழுகிறது, எதைக் கண்டு அழாமல் தப்பித்துக் கொள்கிறது என்பதை ஆராய்வது நலம் பயக்கும். அந்த ஆராய்ச்சிக்கு இப்படத்தினும் தக்க பொருள் எளிதிற் கிட்டாது.

கதை யாவரும் அறிந்ததே. சென்னை மாகாணத்துக் கவர்னரின் மகள் எமி. வண்ணாந்துறையில் துணி வெளுக்கும் இளைஞன் இளம்பரிதி, மல்யுத்தமும் பயின்றவன். துறையை அழித்துக் கோல்ஃப் மைதானம் அமைக்க முயலும் வெள்ளை அதிகாரியை அவன் எதிர்த்து நிற்கிறான். இருவருக்கும் காதல் மலர்கிறது. 1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெறுகிறது, காதலர் பிரிகின்றனர். அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், பரிதியின் தாயினுடைய தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதியவளான எமி பேத்தியோடு சென்னைக்கு வருகிறாள். கிழவியின் நினைவாகக் கதையைச் சொல்லும் முறை ‘டைட்டானிக்’ என்னும் ஆங்கிலப் படத்தில் நாம் கண்டதே. வெள்ளையரோடு பந்தயம் கட்டி வெல்லும் முறை ‘லகான்’ என்னும் ஹிந்திப் படத்தில் கண்டது. கடன் வாங்கியதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. ‘லகான்’ படத்தில் வெள்ளைப் பெண்ணின் காதல் ஒருதலைக் காதலாகவே முடிந்தது. தமிழ்ப் படமோ அதனை இருதலைக் காதலாக்கிற்று. இவ்வளவில் டைரக்டர் விஜய் ஒரு படி மேலே ஏறினார் என்றே சொல்லுவேன்.

படத்தின் சிறந்த பகுதி, இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்கும் பகுதியாகும். முதலில் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் நிற்கிறான். நம்பி என்னும் அவ்வேடத்தில் நடித்த கொச்சின் ஹனீபா, படம் வெளிவருமுன்னரே, அவ்வாண்டு பிப்ரவரியிற் காலமானார். துரையின் சொல்லைத் தமிழாக்கியும், தமிழரின் சொல்லை இங்கிலீஷாக்கியும், இரு பக்கமும் அஞ்சி அஞ்சிப் பிழைக்கும் அவனைக் கண்டு கொட்டகையில் யாவரும் சிரித்தனர். கிராணி உத்தியோகம் பார்க்கும் எனக்குச் சிரிப்பு அவ்வளவு எளிதாக வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைத்தானே செய்து வந்தோம்! பின்னர்க் காதலர் தாமாகவே பேசத் தொடங்குகின்றனர். மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கே வேலை இல்லாமற் போகிறது. இது மெய்யாகவே அழகிய கற்பனை. மலாயாத் தோட்டத் துரைமாரும் தமிழ் கற்றனர். அதற்குத் தேர்வுகூட இருந்தது. அவர்கள் கற்ற தமிழில் ‘வா’, ‘போ’, ‘வெட்டு’, ‘தூக்கு’ என்னும் ஏவல் வினைகளே மிகுதி. ‘நீ உண்டாயா?’ என்று கேட்கும் தமிழ் அத்தேர்வுக்கு வேண்டப்படவில்லை. எமி கற்கும் தமிழ் அதுவே. ஆதலின் அக்காட்சிகள் நம்மவர் நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை.

இனி, குறைக்கு வருவோம். பரிதி வண்ணார் குலத்தவன். படம் முழுவதும் அவன் துணி வெளுக்கிறான், கழுதை மேய்க்கிறான். ஆனால், அவன் ஜாதி என்ன செய்தது என்பது மட்டும் ஓரிடத்தும் காணப்படவில்லை. அவனை இழிவு செய்வோர் யாவரும் வெள்ளையர். தமிழருள் ஒருவரும் அவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தவில்லை. அவனுக்குத் தனிக் குவளையில் நீர் வார்க்கவில்லை. 1947ஆம் ஆண்டுச் சென்னை இத்துணைச் சமரசம் வாய்ந்த பட்டினமாயிருந்ததா?

சென்னையின் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்த மக்கள் குடியேறிய பேட்டை. ஆக, வெள்ளையனுக்கும் வண்ணாருக்கும் இருந்தது கூலித் தொடர்பு; கொடுமையும் அதிலடங்கும். ஆனால், தமிழனுக்கும் வண்ணாருக்கும் இருந்த தொடர்பு என்ன? பேறுகாலத் தீட்டுத் துணியும், சாவு வீட்டுத் துணியும் அவர்கள் தலையிற் சுமத்தப்பட்டன. கூலியோ வீடு வீடாகச் சென்று வாங்கும் சோறு. திருநெல்வேலிப் பகுதியில், தாழ்த்தப்பட்டோருக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் பிறர் கண்ணிற் படுவதே தீட்டு என்று விதிக்கப்பட்டு, இரவில் மட்டும் நடமாடி வந்ததை 1932ஆம் ஆண்டு ‘ஹிந்து’ பத்திரிகை வெளியிட்டது. படத்தின் கதை நடக்கும் காலத்துக்கு அது பதினைந்தே ஆண்டு முந்தியது. பகலிற் காணத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலாளர் கூட்டத்திலிருந்து கதாநாயகனை எடுத்து வெள்ளித்திரையிலே பெரிதாகக் காட்டியது துணிவே. ஆனால், அவனைக் காட்டிவிட்டு, அவனை ஒதுக்கியவர்களைக் காணத்தகாதவர்களாக மறைத்துவிட்டது என்ன நியாயம்?

இதே பரிதி மயிலாப்பூரிலோ, வேறொரு செல்வர் தெருவிலோ ஒரு தமிழ்ப் பெண்ணை விரும்பியிருந்தால் படம் எவ்வாறு முடிந்திருக்கும்? முதலில் அப்படி ஒரு படம் தொடங்கியிருக்குமா? கவர்னர் மகளைக் கதாநாயகியாக்கியதன் வசதி இதில்தான் இருக்கிறது. அவள் எந்தத் தமிழர் வீட்டுப் பெண்ணும் அல்லள். ஆகவே எந்த ஜாதியாரும் கொட்டகையிலிருந்து எழுந்து போகவேண்டிய அவசியம் இல்லை. தன் மகள் வண்ணார் வீட்டு மருமகளாவதைக் கனவிலும் பொறாத தந்தையும், வெள்ளைக்காரன் மகள் அவ்வாறு ஆவதைக் கண்டு கைதட்டலாம். ஜாதியை எதிர்க்கும் பெருமையும் கிடைத்தது, ஜாதியும் பத்திரமாயிருக்கிறது.

‘வெள்ளையர்தாம் கலப்பு மணத்தைத் தடுத்தனர், நம்மவர் அன்பு மிக்கவர்’ என்பார் உளராயின், அவர்கள் 1920ஆம் ஆண்டை நினைவு கூர்க. மதுரையிற் பிறந்த பிராமணப் பெண்ணாகிய ருக்மிணி தேவி, தம்மினும் இருபத்தைந்து ஆண்டு மூத்த ஆங்கிலேயராகிய ஜார்ஜ் அருண்டேலை அவ்வாண்டு மணந்தார். அருண்டேல் யார்? ஹோம்ரூல் கிளர்ச்சியில் ஈடுபட்டு, 1917இல் அன்னி பெசன்ட் அம்மையாரோடும் வாடியாவோடும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். இந்திய விடுதலைக்காகத் தம் இனத்தாராலேயே தண்டிக்கப்பட்ட வெள்ளையர். அவரைத் தலைவர் என்று மாலையிட்டு வரவேற்ற சென்னை, மருமகன் என்றதும் கொதித்தெழுந்தது. கூச்சலிட்டவர் கவர்னர் மாளிகையார் அல்லர்; நம்முடைய கற்றோரே.

நம் மலாயாவுக்கு இன்னும் அண்மையான செய்தி ஒன்று உண்டு. 1943ஆம் ஆண்டு நேதாஜி சிங்கப்பூர் வந்து நிதி கேட்டபோது, தோட்டத்துத் தாய்மார் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தனர். தாலியைக் கொடுத்தவரும் உண்டு. அதே வேளையில், வியன்னா நகரில் எமிலி ஷெங்கல் என்னும் ஆஸ்திரியப் பெண்மணி, நேதாஜியின் கைக்குழந்தையோடு அவரது செய்திக்காகக் காத்திருந்தார். இங்கே அது எவருக்கும் தெரியாது. போருக்குப் பின், தந்தி தொலைபேசி நிலையத்தில் வேலை செய்து மகளை வளர்த்த அவ்வம்மையாரின் கதையை எழுத ஒரு படமுதலாளியும் முன்வராதது ஏனோ!

மறைக்காமல் வாழ்ந்தவரும் இருந்தனர். 1935இல் ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி, சீனப் பெண்மணியாகிய லிம் பூன் நியோவை மணந்து சிங்கப்பூரிலேயே வாழ்ந்தார். அங்கே வெள்ளை அதிகாரி துப்பாக்கியோடு துரத்தவில்லை. துரத்துதல் இல்லாவிட்டால் நம் படக்காரருக்குக் காதலே தெரிவதில்லை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பெயர், உறவினர் வீட்டு விருந்தில் அழைப்பு வருமா வராதா என்னும் கவலை ஆகியவை அவர்களுக்குக் கதையாகத் தோன்றுவதில்லை.

‘துரையம்மா’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் அது காதலியின் செல்லப் பெயர். இறுதியில், பரிதி நிறுவிய தர்ம ஸ்தாபனத்தின் பெயர். சென்னைவாசிகளுக்கு அச்சொல் பழங்கதை. ‘துரை’ என்னும் சொல்லைத் தோட்டத்தில் நாம் கேட்டு வளர்ந்த விதம் வேறு. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளை நினைக்க வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது ஒன்று. தோட்டத்துப் பெண்களிடம் ஐரோப்பியரும் அவர்களுக்குக் கீழிருந்த ஆசிய உத்தியோகஸ்தரும் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். எமியும் பரிதியும் சந்திக்கும் அதே பத்தாண்டில், வெள்ளை இனத்துக்கும் தமிழ் உழைப்பாளிக்கும் இடையே தோட்டத்தில் நேர்ந்த தொடர்பு பெரும்பாலும் இத்தகையது. அங்கே ஆண் வெள்ளையன், பெண் நம்மவள். காதல் என்னும் சொல்லுக்கு இடமில்லை. பிறந்த பிள்ளைக்குத் தந்தை பெயருமில்லை. கோரிக்கையில் ‘ஆசிய உத்தியோகஸ்தர்’ என்று இருப்பதைக் கிராணிமாராகிய நாம் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாகாது. படமோ, ஆண் தமிழன், பெண் வெள்ளைக்காரி என்று மாற்றி அமைத்துவிட்டது. தோற்ற இனம் மனத்துக்குள்ளே வெற்றி கொண்டாடுவதற்கு இது தோதாக இருக்கிறது. நம் பாட்டிமார் பட்டதற்கு இதில் என்ன ஈடு?

தாலிக்கு வருவோம். 1920களின் இறுதி முதல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் பலவற்றில் தாலி விலக்கப்பட்டது. பெண் ஒருவரின் உடைமை என்பதற்கு அடையாளமாக அது இருத்தலாகாது என்பதே காரணம். படம் அந்தத் தாலியையே வெள்ளைக்காரியின் கையில் வைத்து அறுபது ஆண்டு காக்கச் செய்கிறது. பேத்தி இருக்கிறாள், ஆகவே எமிக்கு இலண்டனில் ஒரு குடும்ப வாழ்வு இருந்தது என்பது வெளிப்படை. அவ்வாழ்வைப் பற்றிப் படம் வாய் திறக்க அஞ்சுகிறது. அவளை அவள் விருப்பத்தோடும் வாழ்வோடும் கூடிய பெண்ணாக ஏற்க நம்மால் இயலவில்லை. தமிழ்ப் பத்தினியாக மாற்றிய பிறகே ஏற்றோம். இறுதியில் பரிதியின் கல்லறையிலேயே அவள் உயிர் துறக்கிறாள். உடன்கட்டை ஏறுதலை 1829இல் சட்டம் தடுத்தது. சினிமாவிலே அதற்குத் தடை இல்லை போலும்!

பிரிவுக்குச் சொல்லப்படும் காரணமும் வலுவற்றது. நாடு விடுதலை பெற்றது. ஆகவே கவர்னர் குடும்பம் கப்பலேறியே தீரவேண்டும் என்று கதை சொல்லுகிறது. உண்மையில் அன்று சென்னைக் கவர்னராயிருந்த ஸர் ஆர்ச்சிபால்ட் நை, விடுதலைக்குப் பின்னும் அப்பதவியிலே நீடித்து, 1948 செப்டம்பரிலேதான் விலகினார். மலாயாவிலும் 1957க்குப் பின் நெடுநாள் துரைமார் பங்களாக்களிலே இருந்தனர். ஆதலின் எமி தங்கியிருக்கலாம். தங்கியிருந்தால், 1947 ஆகஸ்டு 16ஆம் நாள் காலையில் அந்தத் தம்பதிக்கு எந்தத் தெருவில் வீடு கொடுத்திருப்பார்கள்? வெள்ளைக்காரி என்று மறுப்பதற்கு முன்னே, வண்ணான் என்று மறுத்திருப்பார்கள். அந்தக் காலைப் பொழுதைக் காட்ட நேரக்கூடாது என்பதற்காகவே டைரக்டர் நள்ளிரவில் காதலரைப் பிரித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் வங்காள தேசத்தவர், நேபாளத்தவர், இந்தோனேசியர். நம் தாத்தாமார் இருந்த லயங்களில் அவர்கள் இருக்கின்றனர். தொழில் அனுமதியில் வந்த அயல்நாட்டார் இந்நாட்டில் திருமணம் செய்துகொள்ளலாகாது என்பது குடிநுழைவு விதி. செய்தால் அனுமதி பறிபோகும். ஒரு நேபாளத்து இளைஞன் மூட்டை சுமந்துவரும் வழியில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி அவனோடு இரண்டு வார்த்தை பேசினாள் என்று கேள்விப்பட்டால், விதிப்புத்தகத்தைத் தேடி எடுப்பதற்கு முன்பே நம் வீட்டார் செய்வது என்ன என்பது இங்குள்ளோர் அறிந்ததே. அதே வீட்டில், அடுத்த முறை ‘மதராசபட்டினம்’ தொலைக்காட்சியில் வரும்போது, யாவரும் கூடியிருந்து பார்ப்பர். பரிதி எமிக்குத் தமிழ் கற்பிக்கும் கட்டம் வந்ததும், சிறுவர்களைச் சத்தம் போடாதிருக்கும்படி சொல்லுவர்.